குளக்கட்டும் எழுத்தும்: வன்னியின் தொழில்நுட்ப எழுத்து வரலாற்றிற் கழகங்களின் பங்கு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது எம்மவரிடையே பெருவழக்காயுள்ள பழமொழி. செய்தொழிலின் அறிவு கையிலும் கண்ணிலும் இருப்பதேயன்றி எழுத்தில் அடங்குவதன்று என்னும் எண்ணம் அதன் அடியில் உறைகின்றது. எனினும், விதையின் இயல்பையும் நடும் பருவத்தையும் நீர்விடும் அளவையும் எவரும் எழுதிவையாத ஊரில், அறிந்தவர் மறைந்தவுடன் அவர் செய்கைத்திறனும் மறைந்துபோதலை நாம் காண்கின்றோம். ஆகவே ஏட்டுச் சுரைக்காயை எள்ளி ஒதுக்கிவிடுதல் எளிதாயினும் அறிவுடைமையாகாது.

கருவியொன்றை இயக்கும் முறை, கட்டடமொன்றின் அமைப்பு, மருந்தின் அளவு, நீரின் கணக்கு என்பனவற்றைத் தெளிவுற எடுத்துரைக்கும் எழுத்தே தொழில்நுட்ப எழுத்து எனப்படும். எழுத்தாளர் என்றதும் கதைஞரையும் கவிஞரையும் நினைக்கும் நாம், இத்தகைய எழுத்தை ஆக்குவோரை அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. அவர்கள் தனித்து நின்று எழுதுவது நன்றா, அன்றித் தம்மையொத்தாருடன் ஒரு கழகத்தில் உறுப்பினராயிருந்து எழுதுவது நன்றா? இவ்வினாவைப் பொதுமையில் ஆராய்வதிலும் ஒரு நிலப்பரப்பின் வரலாற்றில் வைத்து ஆராய்தல் பயன்தரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தை இதற்குக் களமாகக் கொள்வோம்.

எழுதப்படாத அறிவு

வன்னி குளங்களின் நாடு. ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் பெருமழை பெறும் அந்நிலத்தில், மழைநீரைக் கட்டிவைத்தாலன்றிக் கமம் இல்லை. கமம் இல்லையேல் ஊரும் இல்லை. ஊர்ப்பெயர்களுட் பல குளம் என்னும் ஈற்றைக் கொண்டிருத்தலே இதற்குச் சான்றாகும். குளக்கட்டு, துருசு, வான், அலைகரை, வாய்க்கால், வயல் என ஒன்றோடொன்று பிணைந்த இவ்வமைப்பைப் பேணுதற்கு நுண்ணிய அறிவு வேண்டும். கட்டின் எப்பகுதியில் நீர் கசியும், எம்மழைக்கு வான் பாயும், சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பனவற்றை ஊர்ப் பெரியோரும் வட்டவிதானைமாரும் நன்கறிந்திருந்தனர்.

ஆயினும் அவ்வறிவு ஏட்டிலேறவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்த விதானையிடமிருந்து இளைய விதானைக்கும் வாய்மொழியாகவே அது கடந்தது. போரும் கொள்ளைநோயும் குடிபெயர்வும் வந்துற்ற காலங்களில் அச்சங்கிலி அறுந்தது. குளங்கள் தூர்ந்து காடாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னிக்கு வந்த ஆங்கில அலுவலர் கண்டது, உடைந்த கட்டுகளையும் அவற்றின்மேல் வளர்ந்த பாலை, வீரை மரங்களையுமே. கட்டியவர் அறிவு கல்லிலும் மண்ணிலும் எஞ்சியிருந்ததேயன்றிச் சொல்லில் எஞ்சவில்லை.

துவைனந்துரையும் பாக்கரும் லூயிசும்

வடமாகாணத்தின் அரசாங்க அதிபராக நெடுங்காலம் பணியாற்றிய துவைனம், 1866ஆம் ஆண்டிற் கனகராயன் ஆற்றை அடிப்படையாகக் கொண்டு ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தை முன்மொழிந்தார். 1885இல் நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் அதற்குரிய திட்டவரைவை ஆக்கினார். கட்டடவேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. அதுவே இரணைமடுக்குளம். வேலையாட்கள் தங்கிய இடத்தையொட்டிக் கிளிநொச்சி நகரம் வளர்ந்தது. முன்மொழிவுக்கும் நிறைவுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தமை இங்குக் கருதத்தக்கது. முன்மொழிந்தவர் ஒருவர், வரைந்தவர் இன்னொருவர், கட்டியவர் வேறு சிலர். இவர்களை இணைத்தது எழுத்தேயாகும். துவைனத்தின் கருத்தும் பாக்கரின் அளவீடும் எழுத்தில் இராதிருப்பின், பின்வந்தோர் ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியிருந்திருக்கும்.

பாக்கர் வெறும் அலுவலக அறிக்கையோடு அமைந்தாரல்லர். 1845இல் நிறுவப்பெற்ற வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை அவர் போன்றார்க்கு ஓர் அரங்காக விளங்கியது. திசமகாராமையிற் கண்ட தொல்பொருள்கள் பற்றிய அவருடைய அறிக்கை 1884இல் அக்கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. இத்தகைய எழுத்துப் பயிற்சியின் கனியே 1909இல் வெளியான 'பண்டைய இலங்கை' என்னும் அவருடைய ஆங்கிலப் பெருநூல். அந்நூலில் முல்லைத்தீவு மாவட்டத்து வவுனிக்குளத்தை அவர் விரிவாக ஆராய்ந்துள்ளார். பெருங்குளங்களின் துருசுகளோடு அமைந்த கிணறு போன்ற கட்டமைப்பு நீரின் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது என்றும், ஐரோப்பியர் பிற்காலத்திற் கண்ட அத்தகைய அமைப்பை இந்நாட்டவர் பன்னூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தனர் என்றும் அவர் நிறுவினார். பொறியியலாளர் ஒருவரின் கண்ணும் கழகத்து எழுத்தாளர் ஒருவரின் பயிற்சியும் ஒருங்கே வாய்த்ததனாலேயே இக்கண்டுபிடிப்பு உலகறிய நேர்ந்தது.

வன்னியில் அரசாங்க அலுவலராயிருந்த ஜே. பி. லூயிசு என்பாரையும் இவ்விடத்து நினைத்தல் தகும். 1895இல் வெளிவந்த அவருடைய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல், அந்நிலத்தின் குளங்களையும் குடிகளையும் வழக்கங்களையும் தொகுத்துரைக்கும் முதன்மையான ஆவணமாக இன்றும் விளங்குகின்றது. சூடு மிதிக்கும் களத்தில் உழவர் வழங்கும் தனிமொழியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையும் மேற்குறித்த கழகத்தின் சஞ்சிகையிலேயே 1880களில் இடம்பெற்றது. கழகம் இல்லாதிருப்பின், உழவரின் களத்துச் சொற்களை அச்சேற்ற வேறெந்த அச்சகம் முன்வந்திருக்கும்?

பொறியியலாளர் கழகம் தந்த பயன்

பொறியியலாளர் கழகங்களுக்கு முன்னோடியாயமைந்தது இலண்டனில் 1818இல் இளம் பொறியியலாளர் சிலரால் நிறுவப்பெற்ற குடிசார் பொறியியலாளர் நிறுவகமாகும். 1820இல் அதன் முதற்றலைவரான தோமஸ் டெல்ஃபோட், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பட்டறிவை எழுதிக் கொணர்தல் வேண்டுமென வற்புறுத்தினார். கட்டுரை கூட்டத்திற் படிக்கப்படும். ஏனையோர் வினவுவர், மறுப்பர், தம் அனுபவத்தைச் சேர்ப்பர். பின்னர்க் கட்டுரையும் கலந்துரையாடலும் ஒருசேர அச்சாகும். தொழில்நுட்ப எழுத்து தனிமனிதர் கூற்றாயிருந்த நிலை மாறி, பலர் கண்பட்டுத் தேறிய அறிவாக உயர்ந்தது இம்முறையினாலேயே.

இலங்கையில் 1906இல் இலங்கைப் பொறியியற் சங்கம் தோன்றியது. அது 1956இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகமாக மாற்றம் பெற்று, 1968இற் பாராளுமன்றச் சட்டத்தினாற் கூட்டிணைக்கப்பட்டது. கிராமக் குளங்கள் எவ்வாறு படிமுறையாக வளர்ச்சியுற்றன என்பது பற்றிப் பொறியியலாளர் ஜே. எஸ். கென்னடி 1930களில் வழங்கிய உரை அச்சங்கத்தின் நடவடிக்கைகளில் வெளியாயிற்று. வன்னியிலுள்ளவை போன்ற சிறு குளங்களை ஆராய்வோர் இன்றும் அதனை மேற்கோள் காட்டுகின்றனர். நில அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஆர். எல். ப்ரோஹியர், பண்டை நீர்ப்பாசன வேலைகள் பற்றிய தம் நூலை 1934, 1935ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். குளத்தொகுதிகள் ஒன்றோடொன்று கொண்ட தொடர்பை 1937இல் ஆசியக் கழகச் சஞ்சிகையில் விளக்கினார். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்தும் திருத்தியும் விரித்தும் எழுத, குளங்கள் பற்றிய அறிவு தலைமுறை கடந்து வளர்ந்தது.

இவ்வரிசையில் வந்த தமிழர் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் ஆவார். நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய அவர், 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' எனப் பின்னர்ப் பெயர்பெற்ற திட்டத்தை வகுத்தார். கனகராயன் ஆறு முதலிய வன்னி ஆறுகள் சென்று வீழும் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்லுதல் அதன் உட்கிடை. 1960களில் தொடங்கிய வேலை முற்றுப்பெறவில்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அத்திட்டம் மீண்டும் மீண்டும் ஆராயப்படுதற்குக் காரணம், அது எழுத்தில் நிலைபெற்றிருத்தலே. 1969இல் நீர்வள சபை வெளியிட்ட 'இலங்கையின் நீர்வளங்கள்' என்னும் அவருடைய ஆங்கில நூல், தீவின் ஆற்றுப்படுகைகளையும் நீர்ப்பாசனத் திட்டங்களையும் ஒருங்கே தொகுத்துத் தந்தது. கட்டு உடைந்தபோதும் கணக்கு உடையாமல் நின்றது எனலாம்.

இவற்றை நோக்குமிடத்துக் கழகத்தாற் பெறும் பயன்கள் நான்கு எனத் தெளிகின்றோம். ஒன்று, எழுதுவோனுக்கு அறிந்து மதிக்கும் அவையொன்று வாய்க்கின்றது. இரண்டு, பிழை அச்சேறுமுன் பிறர் கண்ணிற் படுகின்றது. மூன்று, சொல்லும் அளவும் பொதுநிலை பெறுகின்றன. நான்கு, அலுவலகம் அழியினும் அவ்வெழுத்து பல நூலகங்களில் எஞ்சுகின்றது.

தமிழில் நிகழ்ந்தது யாது?

மேற்கூறியவை யாவும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. தமிழில் தொழில்நுட்ப எழுத்து எவ்வாறு வளர்ந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

ஈழத்தில் அதன் தலைவாயிலில் நிற்பவர் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மேலைமருத்துவக் கல்வியைப் புகட்டினார். 1864இலிருந்து அதனைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவராலும் அவர் மாணாக்கராலும் ஆக்கப்பட்டு வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை அவர் தமிழ் மருத்துவ நூல்களைச் செப்பஞ் செய்து வந்தார். அவருடைய உழைப்பு வியத்தற்குரியது. எனினும் அவர் சென்ற பின்னர்த் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அரசின் கொள்கையும் ஆங்கிலத்தின் மதிப்பும் அதற்குக் காரணங்களாயின. அவற்றோடு, அவர் தொடங்கியதைத் தம் கடனாக ஏற்றுத் தொடரத்தக்க மருத்துவ எழுத்தாளர் கழகமொன்று இல்லாதிருந்தமையும் சேர்த்தெண்ணத்தக்கது. ஒரு மனிதர் தூணாக நின்றார். தூண் அகன்றதும் கூரை தாழ்ந்தது.

தமிழகத்திற் கழகமுயற்சி முளைவிட்டது 1916இல். சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி, அறிவியற் சொற்களுக்கெனச் சஞ்சிகை ஒன்றையும் நடத்தினர். அது நீண்டகாலம் நடைபெறவில்லையாயினும் வழியைக் காட்டியது. பின்னர் 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கப் பணியை மேற்கொண்டது. 1936இற் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் காரைதீவிற் பிறந்த எங்கள் விபுலாநந்த அடிகளே. பல துறை அறிஞரும் கூடி ஆராய்ந்து முடித்த ஏறத்தாழ 10,000 சொற்கள் 1938இற் 'கலைச்சொற்கள்' என நூலுருப் பெற்றன. கிறீனின் தனியுழைப்புக்கும் இக்கூட்டுழைப்புக்குமுள்ள வேறுபாடு வெளிப்படை.

இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. உயர்கல்விக்குரிய அறிவியல் நூல்களையும் தமிழாக்கியது. கமத்தொழிற் பகுதியினர் 'கமத்தொழில் விளக்கம்' என்னும் இதழை வெளியிட்டனர். இவை அரசின் அரும்பணிகள். ஆயின் திணைக்களம் வேறு, கழகம் வேறு. கொள்கை மாறினும் நிதி குறையினும் திணைக்களத்தின் வேலை நின்றுவிடும். மொழிபெயர்ப்பாளர் இடம் மாற்றப்படுவர். தாமே விரும்பிக் கூடியவர்களுக்கு அவ்வாறு இடமாற்றம் இல்லை.

வன்னியின் தேவை

இந்நிலையில் வன்னியை மீண்டும் நோக்குவோம். இரணைமடு 1950ஐ அடுத்த ஆண்டுகளிலும் 1970களிலும் உயர்த்தப்பட்டு ஒரு லட்சம் ஏக்கரடிக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளும் பெருங்குளமாயிற்று. முத்தையன்கட்டு, விசுவமடு, திருவையாறு முதலிய இடங்களிற் படித்த வாலிபர் குடியேற்றங்கள் உருவாயின. மிளகாயும் வெங்காயமும் விளைந்த அக்காலத்தில், நீரிறைக்கும் இயந்திரமும் தெளிகருவியும் பீடைநாசினியும் ஒருங்கே வந்தன. எழுதப்படிக்கத் தெரிந்த கமக்காரர் கையில் இயந்திரம் இருந்தது. அதற்குரிய கைநூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தது. நஞ்சின் அளவைச் சொல்லும் வாசகத்தை விளங்காது கையாளுவதன் கேடு கூறாமலே விளங்கும்.

தமிழில் எழுதப்பட்டவற்றிலும் ஓர் இடர் இருந்தது. தமிழக நூல்கள் மதகு என்பதை வன்னியார் துருசு என்பர்; இங்கு மதகு என்றால் தெருவின் கீழ் நீர் செல்லும் சிறு பாலம். அங்குக் கலிங்கு, இங்கு வான். அங்கு உரம், இங்குப் பசளை. "மதகைத் திறந்துவிடுக" என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை வாசிக்கும் வன்னிக் கமக்காரர் தெருவுக்குச் செல்வாரா, குளக்கட்டுக்குச் செல்வாரா? இது நகைப்புக்குரியதாகத் தோன்றினும், சொல்லைத் தெரிவோர் வயலில் நிற்போரோடு கூடியிருந்து முடிவுசெய்ய வேண்டும் என்னும் உண்மையை உணர்த்துகின்றது. சொற்றொகுதி ஒன்றைக் கொழும்பிலோ சென்னையிலோ இருந்து ஆக்கலாம். அதனைத் துருசடியில் நின்று சோதித்தல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டது. 1990 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் வன்னியின் அலுவலகங்களும் மக்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். கோப்புகளும் வரைபடங்களும் குறிப்பேடுகளும் அழிந்தன. போர் முடிந்து குளங்களைத் திருத்த முற்பட்டபோது, கழக நடவடிக்கைகளிலும் நூல்களிலும் அச்சேறியவை வேறிடங்களிற் கிடைத்தன. அச்சேறாத அனுபவமோ அறிந்தவரோடு மறைந்திருந்தது. பாக்கருக்கு முந்திய வன்னியின் கதை எம் கண்முன்னே இரண்டாம் முறையும் நிகழ்ந்தது.

2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் தாக்கியது. இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்னும் வினா எழுந்து, விசாரணைக்கும் உட்பட்டது. எவரிடம் தவறு என்று தீர்ப்பது எம் நோக்கமன்று. நீர்மட்டம் எவ்வளவாகும்போது எக்கதவு திறக்கப்படும், கீழ்ப்புறத்து ஊரார்க்கு எவ்வளவு நேரம் முன்னதாக அறிவிக்கப்படும், அவர்கள் எங்குச் செல்லவேண்டும் என்பவை தெளிந்த தமிழில் எழுதப்பெற்று ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. வெள்ளம் வரும் இரவில் உயிர் காப்பது அவ்வகை எழுத்தே.

ஐயங்கள் சில

கழகம் என்பது பட்டமும் பதவியும் தேடுவோரின் கூடாரமாகிவிடாதா என்று சிலர் வினவுவர். அவ்வாறு ஆகியவையும் உண்டு. சந்தா கட்டும் வசதியற்றாரை வெளியே நிறுத்தியவையும் உண்டு. இலங்கைப் பொறியியற் சங்கத்தின் அரிய கட்டுரைகள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்தமையால், குளக்கட்டின்மேல் நின்ற கமக்காரரை அவை சென்றடையவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

கழகங்கள் அழிவற்றவையும் அல்ல. அமெரிக்காவில் தொழில்நுட்ப எழுத்தாளர்க்கென 1953இற் பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் தோன்றிய சங்கங்கள் 1957இல் ஒன்றாயின. பின்னர் 1971இல் தொழில்நுட்பத் தொடர்பாடற் சங்கம் என்னும் பெயர்பெற்று உலகெங்கும் கிளைபரப்பிய அது, 2025 சனவரியிற் பொருள்முடையினால் தன் பணியை நிறுத்திக்கொண்டது. பிரித்தானியாவில் மூன்று அமைப்புகள் இணைந்து 1972இல் உருவாகிய நிறுவகமோ தொடர்ந்து நடைபெறுகின்றது. ஒன்று வீழ்ந்தமையாற் கழகமே வேண்டா என முடிவுகட்டுதல் பொருந்தாது. சேலத்துச் சங்கம் நின்றுபோயிற்று. அது காட்டிய வழியிலேயே 1936ஆம் ஆண்டு மாநாடு கூடியது. கழகம் மறையினும் அது பழக்கிய ஒழுங்கும் அச்சிட்ட ஏடும் எஞ்சும்.

முடிவுரை

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் உள்ளன. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்தியங்கத் தொடங்கியது. பாக்கர் குதிரையிலும் கால்நடையாகவும் சுற்றிய நிலத்திலே, பொறியியலையும் பயிரியலையும் கற்ற தமிழ் இளைஞர் நூற்றுக்கணக்கில் உள்ளனர். அவர்கள் ஆங்கிலத்திற் கற்கின்றனர். அவர்கள் தொண்டாற்ற வேண்டிய மக்களோ தமிழில் வாழ்கின்றனர். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் தொழில்நுட்ப எழுத்து. அப்பாலத்தைத் தனியொருவர் கட்டின் கிறீனின் பணிபோல ஒரு தலைமுறையோடு தளரும்.

ஆகவே, பொறியியலாளர், விவசாயப் போதனாசிரியர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், கமக்கார அமைப்பினர் ஆகியோர் உறுப்பினராயமையும் தமிழ்த் தொழில்நுட்ப எழுத்தாளர் கழகமொன்று வன்னியில் அமைதல் வேண்டும். அது பெருமண்டபத்தோடு தொடங்கவேண்டுவதில்லை. திங்கள்தோறும் ஒருமுறை கூடி, ஒருவர் ஒரு குளத்தைப் பற்றியோ ஒரு கருவியைப் பற்றியோ எழுதிப் படிக்க, ஏனையோர் குறைகூறித் திருத்த, ஆண்டிறுதியில் அவற்றை ஒரு சிறு ஏடாக அச்சிட்டுப் பல நூலகங்களுக்கும் அனுப்பினாற் போதும். அவ்வவையில் முதிய கமக்காரர் ஒருவர் எழுந்து, "தம்பி, நீர் எழுதின அளவுக்குத் தண்ணீர் வந்தால் எங்கட துருசு தாங்காது" என்று கூறுவாராயின், அக்கட்டுரை அன்றே பயனுடையதாகும்.

எம் முன்னோர் குளங்களைக் கட்டினர். கட்டிய கலையை எழுதிவைத்திலர். அதனால் நாம் இழந்தது எவ்வளவு என்பதை வன்னியின் காடுகள் சொல்லும். அப்பிழையை நாமும் செய்தலாகாது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.